விக்டோரியா கால உடை: பழைய பேட்டர்ன் தாளா, புதிய பாக்கெட்டா?

1867-ல் தொடங்கிய ஹார்ப்பர்ஸ் பஜார் போன்ற இதழ்களின் பேட்டர்ன் தாள்கள் (துணியை வெட்டுவதற்கான வடிவங்கள் வரைந்த தாள்கள்) பல, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரே தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். புள்ளிக்கோடு எது, வெட்டுக்கோடு எது என்று பார்த்து நகலெடுப்பதற்குள் கண் பூத்துவிடும். பெரும்பாலும் ஒரே அளவுதான். தையலுக்காக ஓரத்தில் விட வேண்டிய துணியையும் நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்று பாக்கெட்டில் போட்டு விற்கும் புதிய பேட்டர்னுக்குக் காசு ஆகும். பல அளவுகளும் செய்முறையும் இருக்கும். பெரியவர்களுக்கு, அதிலும் பெண்களின் இறுக்கமான மேற்சட்டைக்கு, என் ஓட்டு இதற்குத்தான். (எதுவானாலும் இடுப்பை இறுக்கும் உள்ளாடையான கார்செட்டை முதலில் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள்.)

குழந்தைகளுக்கா? பழைய தாளே போதும். சின்னப் பையன்களுக்கும் அப்போது கவுன்தான், தளர்வான வெட்டு. பாவாடையில் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தால், பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம்.