அசையும் கோலத்துக்கு எந்தக் கருவி: பி5.ஜேஎஸ்ஸா, ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸா?

கேமராவின் முன் நிற்பவர் கையை அசைத்தால் திரையிலுள்ள சிக்குக் கோலம் அதற்கேற்பப் பிரிந்தும் பின்னியும் மாறும் ஒரு படைப்பை, ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்காக, நிரல் எழுதிக் கலைப்படைப்பு செய்ய உதவும் கருவித்தொகுப்பான ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸில் எழுதினேன். சென்ற ஆண்டு அதையே, அதே வகையைச் சேர்ந்த, இணைய உலாவியில் ஓடும் பி5.ஜேஎஸ்ஸில் (சுருக்கமாக பி5) புதிதாக எழுத நேர்ந்தது. இரண்டிலும் செய்து பார்த்த பின் என் சாய்வு பி5 பக்கமே இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம். 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் கலைஞர்களுக்காகத் தொடங்கிய பிராசஸிங் என்ற நிரலாக்கக் கருவியின் வழியில் வந்தவை என்பதால், தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் ஒரு பகுதி, பிறகு திரையை மீண்டும் மீண்டும் வரையும் ஒரு பகுதி என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸில் எழுதுவது சி++ மொழியில், பி5இல் ஜாவாஸ்கிரிப்ட்டில். கோலத்தின் கணக்கு எந்த மொழியிலும் ஒன்றுதான்: ஒவ்வொரு புள்ளியும் தன் நான்கு பக்கத்துப் புள்ளிகளோடு இணையலாம், இணையாமலும் இருக்கலாம், ஆகவே ஒரு புள்ளியைச் சுற்றி வரக்கூடிய வளைவுகள் 16 மட்டுமே. கை எந்தப் புள்ளிகளின் மேல் செல்கிறதோ, அவற்றின் இணைப்பை மாற்றினால் போதும்.

வேகத்தில் ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸை பி5 எட்டாது. 1280×720 அளவுள்ள கேமராப் படம் ஒன்றில் 9,21,600 படப்புள்ளிகள் (பிக்சல்கள்) உள்ளன. அசைவை அறிய அத்தனையையும், கேமரா அடுத்தடுத்து அனுப்பும் ஒவ்வொரு படத்திலும், முந்தைய படத்தோடு ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒப்பிட்டபோது என் மடிக்கணினி தடுமாறியது. படத்தை 160×90 ஆகச் சுருக்கி 14,400 படப்புள்ளிகளை மட்டும் பார்த்த பிறகு தடுமாற்றம் நின்றது. கை எங்கே அசைகிறது என்று அறிய அதற்கு மேல் நுணுக்கம் தேவையும் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கண்காட்சி முடிந்து சில ஆண்டுகள் கழித்து, ஒரு பள்ளியிலிருந்து அந்தக் கோலத்தை மாணவர்களுக்குக் காட்ட இயலுமா என்று கேட்டார்கள். நிரல் கோப்புகள் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றை ஓடவைக்க, அன்று பயன்படுத்திய ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ் பதிப்பும், அதற்கு இசைந்த கம்பைலரும் (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), தன்னார்வலர் ஒருவர் எழுதி இடையில் கைவிட்ட துணைத்தொகுப்பு ஒன்றும் ஒருசேர வேண்டியிருந்தன. இதற்கிடையில் என் கணினியும் வேறு வகைப் பிராசஸருக்கு மாறியிருந்தது. இரண்டு வார இறுதிகளைக் கம்பைலரின் பிழைச் செய்திகளோடு கழித்துவிட்டுக் கைவிட்டேன். பதிப்பு எண்களைக்கூட எழுதி வைக்காதது என் தவறுதான். ஆனால் கலைப்படைப்பு செய்பவர்களில் எத்தனை பேர் எழுதி வைக்கிறார்கள்?

பி5 பதிப்பில் இணையப்பக்கமாகத் திறக்கும் ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு, என் நிரல், பி5இன் கட்டளைகள் அனைத்தும் அடங்கிய ஏறத்தாழ ஒரு எம்பி அளவுள்ள நூலகக் கோப்பு ஆகிய மூன்றும் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. நூலகத்தை வெளியிணைப்பிலிருந்து எடுக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால், அதன் புதிய பதிப்புகள் நம் படைப்பைத் தொடுவதில்லை. 2025இல் வந்த 2.0 பதிப்பில் படங்களை முன்கூட்டி ஏற்றும் முறை மாறிவிட்டது. என் கோலம் பழைய 1.x கோப்போடு எந்த மாற்றமும் இன்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

உலாவி மட்டும் நிலையானதா என்று கேட்கலாம். பிராசஸிங் படைப்புகள் ஒரு காலத்தில் ஜாவா ஆப்லெட்டுகளாக, அதாவது இணையப்பக்கத்துக்குள் ஓடும் ஜாவா மொழிச் சிறுநிரல்களாக, உலாவிகளில் ஓடின. 2015இல் குரோம் அந்தச் செருகுநிரல் வசதியை நீக்கியபோது அவை அங்கே திறக்காமல் போயின. ஆனால் ஆப்லெட்டை ஓட்டிய செருகுநிரல் வெளியிலிருந்து சேர்க்கப்பட்டது. பி5 வரையப் பயன்படுத்தும் கேன்வாஸ் என்ற வரைபரப்போ உலாவியின் சொந்த உறுப்பு. இந்த வேறுபாட்டை நம்பித்தான் இருக்கிறேன். அதே சமயம் பயனர் எதையேனும் தொடும் வரை ஒலியை எழுப்ப விடாதது போன்ற கட்டுப்பாடுகளை உலாவிகள் அவ்வப்போது சேர்க்கின்றன; அதற்காகவே என் கோலத்தின் முகப்பில் 'தொடங்குக' என்றொரு பொத்தான் வந்து உட்கார்ந்தது.

தமிழில் எழுத்து காட்டுவோருக்கு ஒரு செய்தி. ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸின் இயல்பான எழுத்துரு வசதி எழுத்துகளை ஒவ்வொன்றாக வைப்பதால், 'கொ' போன்றவற்றில் கொம்பு இடம் மாறிக் கோணலாகிறது. பி5இல் எழுத்துருவைச் சிஎஸ்எஸ் (இணையப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) வழியே ஏற்றினால் உலாவியே சரியாகக் கோத்துவிடும், 1.x பதிப்பில் நூலகத்தின் சொந்த ஏற்றும் கட்டளையைப் பயன்படுத்தினால் இங்கும் அதே கோணல்தான்.

ஆழம் அளக்கும் கேமரா, பல புரொஜெக்டர்கள், நாள் முழுதும் ஓடும் பெரிய அரங்கம் என்றால் நானும் ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸுக்கே திரும்புவேன். அத்தகைய அரங்குகளில் டச்டிசைனர் என்ற காட்சிவழி நிரலாக்க மென்பொருளைப் பலர் விரும்புகிறார்கள்; நான் அதை இரண்டு வாரங்களே தொட்டுப் பார்த்ததால் என் சொல்லுக்கு அங்கே எடை குறைவு. நிரல் எழுதாமல் கட்டங்களை இணைத்தே வேலையை முடிக்கும் வசதி பிடித்தது. வணிக நோக்கமற்ற இலவசப் பதிப்பு 1280×1280 என்ற அளவோடு நின்றுவிடுவது, சுவர் அளவுக்குக் கோலம் போட நினைத்த எனக்கு அப்போதே இடித்தது.