வருடைக்கு எட்டுக் கால் முளைத்தது எப்படி? தமிழ் லெக்சிகன் இணையப் பதிப்பு: ஒரு மதிப்பீடு

எட்டுக்கால் ஆடு, பறை கேட்டதும் செத்து விழும் பறவை என்று சங்க இலக்கியத்தின் பெயரில் பல விந்தை உயிர்கள் உலவுகின்றன. இவற்றை நம்புவதற்கும் நகைப்பதற்கும் முன்னால் சொல்லைச் சோதிக்க வேண்டும். அதற்குக் கையில் இருக்கும் கருவிகளில் சிறந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற அகராதி. ஆறு தொகுதிகள், 1924 முதல் 1936 வரை வந்தவை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. திருகோணமலையில் அச்சுத் தொகுதி தேடி அலையத் தேவையில்லை, போனிலேயே திறக்கலாம்.

ஆனால் பயன்படுத்தும் முறை பிசகினால் இதே அகராதிதான் விசித்திர விலங்குகளைப் பெற்றுத் தரும்.

‘வருடை’ என்று தேடினால் மலையாடு, எட்டுக்கால் சரபம், மேட இராசி மூன்றும் ஒரே பதிவில் நிற்கும். விந்தை தேடுகிறவர் சரபத்தைப் பிடித்துக்கொள்வார். இலங்கைக் காடுகளில் அந்த மலையாடு, அதாவது வரையாடு, கிடையாது. நம் கண்ணில் அதற்கு உருவமும் இல்லை. ஆகவே சரபம் எளிதாக உட்கார்ந்துவிடுகிறது. பார்க்க வேண்டியது ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சுருக்கக் குறியை. ‘பிங்.’ என்றால் பிங்கல நிகண்டு, ‘திவா.’ என்றால் திவாகரம். நிகண்டுகள் சங்கப் பாட்டுகளுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. ஒரு பொருளுக்குரிய பெயர்களை மனப்பாடத்துக்காக வரிசையாக அடுக்கியவை. அந்த வரிசையில் வருடையும் சரபமும் அருகருகே அமர்ந்ததற்காக, கபிலர் பாடிய வருடைக்கு எட்டுக் கால் வந்துவிடாது.

அடுத்து பாட்டைத் திறக்க வேண்டும். குறுந்தொகை 187இல் கபிலர் சொல்வது: செவ்வரையில் தங்கும் ‘வருடைமான் மறி’, தாயின் மடி சுரந்து பொழியும் தீம்பாலை வயிறாரக் குடித்து, மலை நிழலில் துள்ளுகிறது. மடி, பால், குட்டி, பாறை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? நீலகிரி வரையாட்டை அறிந்தவருக்கு இது கண்முன் நடக்கும் காட்சி. பரிபாடல் 11இல் வருடை மேட இராசிக்குப் பெயராக வருவதும் ஆட்டுக்கே சாதகம். பெயர்ச்சொல்லில் நிகண்டுகள் குழப்பினாலும் பாட்டின் வினைச்சொல் பெரும்பாலும் குழப்புவதில்லை. அந்த உயிர் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

தேடும்போது அடிக்கடி நேரும் தவறு, புணர்ச்சியில் ஒட்டிய சொற்களைப் பிரிக்காமல் விடுவது. பாட்டில் ‘வருடைமான்மறி’ என்று ஒட்டியிருப்பதை அப்படியே போட்டால் ஒன்றும் வராது. பிரித்து, வேற்றுமை உருபைக் கழித்து, அடிச்சொல்லைப் போட வேண்டும். தலைச்சொல்லில் கிடைக்காவிட்டால் பதிவு முழுவதிலும் தேடுங்கள். வேறொரு சொல்லின் விளக்கத்துக்குள் ஒளிந்திருக்கும்.

லெக்சிகன் மிகத் தெளிவாகக் கைகொடுப்பது ‘மா’, ‘மான்’ என்ற இரண்டு பதிவுகளில். திருகோணமலைப் பிரட்றிக் கோட்டை வழியே கோணேசர் கோயிலுக்குப் போகிறவருக்கு மான் என்றால் அங்கே மேயும் புள்ளிமான்தான். பழந்தமிழில் அது விலங்குக்கே பொதுப்பெயர்: அரிமான் சிங்கம், பரிமான் குதிரை. கைம்மா என்பது கையுடைய விலங்கு, யானை. சமஸ்கிருத ‘மிருகம்’ இதே பாடு படுகிறது. ‘சாகாமிருகம்’ என்றால் கிளை விலங்கு, குரங்கு. சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘கிளைமான்’ என்று எழுதினால் மரமேறும் மான் ஒன்று பிறந்துவிடும்.

பறை கேட்டதும் செத்து விழும் என்று சொல்லப்படும் அசுணத்தின் வழக்கும் இங்கேதான் திறக்கிறது. அது பறவையா விலங்கா என்று உரைகளும் நிகண்டுகளும் ஒத்துப்போவதில்லை. நற்றிணை 304 ‘அசுணம் கொல்பவர் கைபோல்’ தலைவன் மார்பு இன்பமும் துன்பமும் உடையது என்கிறது. உருவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கலித்தொகை 143 ஒளிந்திருந்து யாழ் இசைத்து, பின் பறை அறைந்து உயிர் போக்குவதைச் சொல்லும்போது அந்த உயிரை ‘யாழ் கேட்ட மானை’ என்கிறது. மான் என்பதை இன்றைய மானாகவும் கொள்ளலாம், பொதுவாக விலங்காகவும் கொள்ளலாம், பறவையாக்குவதுதான் கடினம். இசையால் மயக்கிப் பிடிக்கும் வேட்டை முறையே பாட்டின் மையம். விந்தை விலங்கு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

குறைகளும் உண்டு. முதலில் அச்சிட்ட பொருளே மூத்த பொருள் என்று தோன்றவைக்கும் எண்ணிட்ட அமைப்பு அதில் பெரியது. ‘டபிள்யூ’ குறியிட்ட பொருள்கள் 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியிலிருந்து எடுத்தவை. பாட்டுச் சான்று இல்லாமல் அந்தக் குறி மட்டும் இருந்தால் அதன்மேல் வாதம் கட்ட வேண்டாம்.

விவிலியத்துக்கு இந்தக் கருவி போதாது. யோபு 39:9இல் தமிழ் வேதாகமம் ‘காண்டாமிருகம்’ என்கிறது. எபிரேயச் சொல் ‘ரேஎம்’. கிரேக்க மொழிபெயர்ப்பு அதை ஒற்றைக்கொம்பன் ஆக்கியது. அந்த வழியில்தான் ஆங்கிலத்துக்கு யூனிகோர்ன் வந்தது. உபாகமம் 33:17இல் ஒரே ரேஎமுக்குப் பல கொம்புகள் சொல்லப்படுவதால் ஒற்றைக்கொம்பு நிற்காது. இன்றைய மொழிபெயர்ப்புகள் காட்டு எருது என்கின்றன. இதற்கு எபிரேய அகராதிதான் வேண்டும். லெக்சிகனில் காண்டாமிருகத்தைத் தேடிப் பயனில்லை.

எல்லா விந்தையையும் கரைத்துவிட முடியும் என்றும் நினைக்க வேண்டாம். அகநானூறு 12இல் கபிலர் தோழியையும் தலைவியையும் ‘இருதலைப் புள்ளின் ஓர் உயிர்’ என்கிறார். உவமை வேலை செய்வதே இரண்டு தலைக்கு ஓர் உயிர் என்பதால்தான். அதற்கு இயற்கையில் ஒரு பறவையைத் தேடி மினக்கெட வேண்டியதில்லை. அங்கே புள்ளுக்கு இரண்டு தலைதான்.