ஒரு ஹோண்டா சி70, பல வருட ஓட்டம்

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, பிரித்து, பூட்டி, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்து விற்பது எனக்குப் பல வருடப் பழக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் என் வீட்டு வாசலில் பாதி பிரித்த வண்டி ஒன்று எப்போதும் நிற்கும். வந்தவை எல்லாம் போய்விட்டன. ஒரு ஹோண்டா சி70 மட்டும் இன்னும் என்னோடு வேலைக்கு வருகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். படம் எடுக்க மட்டும் வெளியே வரும் வண்டியை யார் வேண்டுமானாலும் புகழலாம். மழையில் நனைந்து, பாலம் ஏறி, பசாருக்குப் போய்வரும் வண்டியைப் பற்றிப் பேசத்தான் கொஞ்ச காலம் ஓட்டியிருக்க வேண்டும்.

என்னுடையது 6 வோல்ட், பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்கும் தொடுமுனை) வைத்த பழைய ரகம். 72 சிசி, மூன்று கியர், கையில் கிளட்ச் கிடையாது. நீல நிறம் வெளுத்துவிட்டது, இடது பக்கம் நீளமாக ஒரு கீறல் வேறு. வேண்டுமென்றே பெயின்ட் அடிக்காமல் விட்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

பினாங்கில் ஹோண்டாவைத் தேடி அலைய வேண்டாம். சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பஸ் கழுவி, பிறகு பஸ்களுக்கே முதலாளியான லோ பூன் சியூ, 1958-இல் ஜப்பானில் ஹோண்டாவின் சின்ன வண்டியைப் பார்த்து, இங்கே விற்கும் உரிமையை வாங்கி வந்தார். என் சி70 பிறந்த குடும்பமான சூப்பர் கப் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அப்புறம் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைத் தோட்டத்துக் கிராணிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று எல்லார் வீட்டிலும் ஒரு கப் நின்றது. அதில் பாதி இன்னும் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது என்பது என் நம்பிக்கை.

ஆனால் நான் முதலில் கேட்பது கிரானை, அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தைத்தான், வண்டியைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். நம் ஆட்கள் வீட்டில் இது பெரிய தலைவலி. தாத்தா பெயரில் வாங்கிய வண்டியை அப்பா ஓட்டியிருப்பார், மகன் ஓட்டியிருப்பான், பெயரை மட்டும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு வீட்டில் அருமையான சி90 ஒன்று, குரோம்கூட உரியாமல் நின்றது.

"ஐயா, கிரான் யாரு பேருல இருக்கு?"

"எங்கப்பா பேருலதான் தம்பி. அவரு போயி ரொம்ப வருஷமாச்சு. அதெல்லாம் இப்ப யாரு கேக்கப் போறா?"

ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, கேட்கும். உரிமையாளர் உயிரோடு இருந்தால் வாங்குபவரும் விற்பவரும் முகப்பில் போய்ப் பெருவிரல் ரேகை வைத்தால் வேலை முடிந்தது. இறந்திருந்தால், வாரிசுகள் சொத்துப் பத்திரத்தை முறைப்படி முடித்துக்கொண்டு வந்தால்தான் பெயர் மாறும். அண்ணன் தம்பி நாலு பேர் நாலு ஊரில் இருந்தால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அந்த சி90-ஐ விட்டுவிட்டு வந்தேன். ஐயா வீட்டுக் காப்பி நன்றாக இருந்தது.

அடுத்தது எண்கள். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிரானில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுபோய் அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் புதிதாக உரசிய தடமோ தடித்த பெயின்டோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். ஹோண்டாவின் பிற்கால வண்டியான ஈஎக்ஸ்5-இன் 100 சிசி இன்ஜினை சி70-இல் மாட்டி ஓட்டுபவர்கள் நிறையப் பேர். ஓட்டம் சுகமாகத்தான் இருக்கும். ஜேபிஜே ஒப்புதல் வாங்கி கிரானில் பதியாமல் விட்டால், ரோட்பிளாக்கில் நிற்கும்போது அந்தச் சுகம் போய்விடும்.

என் சி70-ஐப் பிறை என்ற ஊரில் வேலை ஓய்வு பெற்ற ஒருவரிடம் 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். அவரே முதல் உரிமையாளர், கிரான் சுத்தம். இன்ஜின் இறுகவில்லை, ஆனால் புகை தள்ளியது. பிரித்ததும் முதலில் பிஸ்டன் தலையைத் துடைத்துப் பார்த்தேன். முன்பே போரிங் செய்திருந்தால், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால், எந்த அளவு என்று அதன்மேல் அடித்திருக்கும்: 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாக 1.00 வரை போகும். 1.00-இல் வந்து நிற்கும் பிளாக்கை வாங்கினால் அடுத்து ஸ்லீவ் (சிலிண்டருக்குள் போடும் புது உள்குழாய்) செலவுதான். என்னுடையதில் எண்ணே இல்லை, அதாவது தொழிற்சாலையில் போட்ட பிஸ்டனே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 0.50-க்குப் போரிங் செய்தேன். புக்கிட் மெர்தாஜாமில் பட்டறை வைத்திருக்கும் சீன அங்கிள் கிராங்கைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, "போலே பாக்காய்" (இன்னும் ஓட்டலாம்) என்று மலாயில் சொன்னார். அதனால் அடிப்பாகத்தைத் தொடவே இல்லை. கேம் செயின், வால்வு சீல், கேஸ்கெட், கிளட்ச் பிளேட் மட்டும் புதிது.

சாமான் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் புதுப் பளபளப்போடு வருவதை விட, லோரோங் கூலிட் சந்தையில் காலையில் போய்த் தரையில் விரித்திருப்பதைக் கிளறி எடுத்த பழைய ஜப்பான் கண்டென்சர் நன்றாக உழைக்கிறது. புதிதாக வாங்கிய ஒன்று, இன்ஜின் சூடானதும் வண்டியை அணைத்துவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கை மாற்றி, கடைசியில்தான் காரணம் தெரிந்தது. விற்ற கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, இன்னொரு கண்டென்சரை நீட்டினார். அதுவும் அப்படியே. தாய்லாந்துச் சாமான்களில் பிஸ்டன், பிரேக் ஷூ எல்லாம் பரவாயில்லை. மின்சாரச் சாமானில் மட்டும் மலிவைப் பார்க்க வேண்டாம்.

துரு வேறு கதை. கடற்காற்றுள்ள ஊரில் வெளியே தெரியும் துருவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பாட்டரிப் பெட்டிக்கு அடியிலும் பின் மட்கார்டின் உள்பக்கமும் சேறு ஒட்டி, ஈரம் காயாமல் தகட்டைத் தின்னும். கப் வண்டியின் சட்டமே தகட்டை அழுத்திச் செய்தது, அதனால் அங்கே ஓட்டை விழுந்தால் அழகு மட்டும் கெடாது, பலமும் போகும். பெயின்ட் கடையில் அதன்மேல் புட்டி அப்பிப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள். என் வண்டிக்குப் பெயின்ட் அடிக்காததற்கு இதுதான் காரணம். பழைய பெயின்ட் இருந்தால் தகடு என்ன நிலையில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். புதுப் பெயின்ட் அடித்த வண்டியை வாங்குவதற்கும் நான் தயங்குவேன்.

இனி ஓட்டம். ஊருக்குள் இதற்கு ஈடு இல்லை. வாசலில் ஒரே உதையில் கிளம்பும், கூட்டத்தில் ஒல்லியாக நுழையும், லிட்டருக்கு 50 கிலோமீட்டருக்குக் குறைந்ததில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் கார்க்காரர்கள் தவிக்கும்போது நான் சந்து வழியாகப் போய் நிறுத்திவிட்டு நடந்திருக்கிறேன். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். மோட்டாருக்கு 2019-இலிருந்து டோல் இல்லை என்பது நல்ல விஷயம், ஆனால் நடுக்கடலில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது 60-க்கு மேல் போக மனம் வராது. 70-ஐத் தொட்டால் கைப்பிடி வழியாகப் பல் வரைக்கும் அதிர்வு வரும். பாலிக் புலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையில் ஏறும்போது இரண்டாவது கியர்தான். இறங்கும்போதும் இரண்டாவதிலேயே இறங்குங்கள். டிரம் பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் பிடி தளர்ந்துவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் இன்னொன்றைக் கண்டு திடுக்கிடுவார்கள்: முன் பிரேக் பிடித்தால் மற்ற வண்டிகளில் முன்பக்கம் அமுங்கும், இதில் மேலே எழும்பும். முன் சஸ்பென்ஷன் அமைப்பே அப்படி, பழுது இல்லை.

இரவு ஓட்டம்தான் பெரிய குறை. முன்விளக்கு மேக்னெட்டோவிலிருந்து (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் பாகம்) நேராக எரிவதால் இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறையும். சிக்னலில் நின்றால் அகல்விளக்கு வெளிச்சம்தான். மழை இரவில் வெளியே எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பராமரிப்பு அதிகம் இல்லை, ஆனால் தவறக் கூடாது. பேப்பர் ஃபில்டர் கிடையாது என்பதால் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுகிறேன். காருக்கு ஊற்றும் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற மோட்டார் சைக்கிள் எண்ணெய்த் தரக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வால்வு இடைவெளி இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.3-இலிருந்து 0.4 மில்லிமீட்டர் வரை. செயின் கேஸை ஸ்டைலுக்காகக் கழற்றி வீசுகிறார்கள், எனக்கு அது புரியவே இல்லை. அது மூடியிருப்பதால்தான் இத்தனை மழையிலும் என் செயின் இன்னும் மாற்றாமல் ஓடுகிறது.

நடுவில் ஒரு யமஹா ஆர்எக்ஸ்-இசட் வாங்கினேன். 133 சிசி, டூ ஸ்ட்ரோக், முறுக்கினால் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். 2011-இல் உற்பத்தி நின்றபிறகு அதன் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, திருடர்களுக்கும் அது செல்லப்பிள்ளை. கடையில் தே தாரிக் குடிக்கும்போதும் கண் வண்டிமேலேயே இருக்கும். இரண்டு பூட்டுப் போட்டு, வீட்டுக்குள் ஏற்றி வைத்து, தூக்கம் கெட்டதுதான் மிச்சம். லாபத்துக்கே விற்றேன். நான் விற்ற வண்டிகளில் உருப்படியாக லாபம் வந்தது அது ஒன்றில்தான், அதுவும் என் வேலையால் வந்த லாபம் இல்லை, சந்தை ஏறியதால் வந்தது.

சி70-இன் கணக்கையும் சொல்கிறேன். சி70-க்கு வாங்கிய விலை போக இதுவரை இன்ஜின், டயர், வயரிங், இருக்கை என்று 1,500 வெள்ளிக்குப் பக்கம் ஆகியிருக்கிறது. என் கைவேலைக்குக் கூலி போடவில்லை. கூலி போட்டால் எந்த வண்டியிலும் லாபம் இல்லை. வாங்க வருபவர்களில் படம் பார்த்துவிட்டு விலை பேசுபவர்கள் பளபளப்புக்குப் பணம் தருவார்கள். கிரானைக் கேட்டு, குனிந்து பாட்டரிப் பெட்டிக்கு அடியில் டார்ச் அடிப்பவர்கள் குறைத்துத்தான் கேட்பார்கள், ஆனால் நாலு மாதம் கழித்துச் சண்டைக்கு வர மாட்டார்கள். நான் இரண்டாவது ரகத்துக்கு நூறு இருநூறு குறைத்தே கொடுத்துவிடுவேன்.

12 வோல்ட்டுக்கு மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரவில் தினமும் ஓட்டுபவர் என்றால் தாராளமாக மாற்றுங்கள். கழற்றிய 6 வோல்ட் சாமானை மட்டும் வீசாமல் எடுத்து வைத்தால், விற்கும்போது கேட்பார்கள். நெடுஞ்சாலையில் தினமும் போய்வர வேண்டியவருக்கு நான் சி70-ஐச் சொல்லவே மாட்டேன், ஈஎக்ஸ்5 வாங்கிக்கொள்ளட்டும். வீட்டுக்கும் வேலைக்கும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், கையில் ஸ்பேனர் பிடிக்கத் தயக்கம் இல்லை என்றால் இந்த வண்டி போதும். என்னுடையதில் இப்போதைக்கு முன் சஸ்பென்ஷனின் லிங்க் புஷ் தேய்ந்து, மேடு பள்ளத்தில் கடகடவென்கிறது. புஷ் வந்துவிட்டது, அங்கிள் சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பட்டறையைத் திறக்க வேண்டும்.