கொசுத்தேனா, சாதாரணத் தேனா?

கொசுத்தேனை, அதாவது கொடுக்கில்லாத குட்டித் தேனீக்கள் சேர்க்கும் தேனை, முதன்முறை நாக்கில் வைப்பவர்கள் கெட்டுப்போன தேனோ என்று முகம் சுளிப்பதுண்டு. கெடவில்லை, புளிப்புதான் அதன் இயல்பு. சாதாரணத் தேனில் ஈரம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குள் இருக்கும். கொசுத்தேனில் 25, 30 என்று போகும். கரண்டியைச் சாய்த்தால் நூலாக இழுபடாமல் சட்டென்று ஒழுகிவிடும்.

முக்கியமான வித்தியாசம் சர்க்கரையில். சாதாரணத் தேனில் பெரும்பங்கு ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். கொடுக்கில்லாத் தேனீக்கள் சிலவற்றின் தேனில் டிரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை நிறைய இருப்பதைக் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் தெரிவித்தார்கள். அது மெதுவாகச் செரிப்பதால் ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறாது. அதற்காக நீரிழிவு உள்ளவர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று நான் சொல்லமாட்டேன்; மற்ற சர்க்கரைகளும் அதில் உண்டு.

அப்புறம் அந்தப் பானைகள்! அறுகோண அறைகளில் அல்ல, மெழுகோடு மரப்பிசினைக் குழைத்துக் கட்டிய குட்டிக் குட்டிப் பானைகளில் இந்தத் தேனீக்கள் தேனைச் சேர்க்கின்றன. பிசினிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் தேனிலும் இறங்கும்.

சரி, வைத்துக்கொள்ள எது வசதி? சாதாரணத் தேன்தான், ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருக்கும். கொசுத்தேன் வெளியே இருந்தால் நுரைத்துப் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இரண்டுமே கூடாது. பொட்டுலிசம் என்ற கடுமையான பாக்டீரியா நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு.