ஃப்ரீஸ்டைல் ஸ்னோபோர்டுக்கு எந்த அடித்தளம்? இருவகையையும் பாவித்த அனுபவம்

அடுத்த மாரிக்குப் பரந்தனிலிருந்து சுவிஸுக்குப் புறப்படும் என் மருமகன், ஃப்ரீஸ்டைல் (தாவல் போன்ற வித்தைகள் செய்யும் முறை) பழக எந்த அடித்தளம் (பனியில் உராயும் அடிப்பக்கம்) உள்ள ஸ்னோபோர்டை, அதாவது பனியில் சறுக்கும் பலகையை, வாங்கலாம் என்று கேட்டான். சூரிச்சில் வேலை செய்த காலத்தில் எக்ஸ்ட்ரூடட், சின்டர்ட் என்ற இருவகை அடித்தளங்களையும் பல பனிக்காலங்கள் பாவித்தவன் என்ற முறையில், அவனுக்குச் சொன்னதை வன்னியிலிருந்து குளிர்நாடுகளுக்குப் போகும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

இரண்டுமே பொலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்தான். எக்ஸ்ட்ரூடட் வகையில் அதை உருக்கி, ஒடுங்கிய வாயினூடாகத் தள்ளித் தகடாக்குகிறார்கள். சின்டர்ட் வகையில், மூலக்கூற்று நிறை மிகக் கூடிய தூளைச் சூட்டாலும் அமுக்கத்தாலும் உருளைக் கட்டியாக இறுக்கி, அதிலிருந்து மெல்லிய தகடாகச் சீவி எடுக்கிறார்கள். சின்டர்ட் மெழுகைக் கூடுதலாக உறிஞ்சும், தேய்வையும் நன்றாகத் தாங்கும், விலையும் கூட.

ஆனால் விலையைவிட, நீங்கள் எவ்வளவு ஒழுங்காக மெழுகிடுவீர்கள் என்பதே இதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெழுகு ஏறிய சின்டர்ட் பலகை, பெரிய தாவலுக்கு வேண்டிய வேகத்தைச் சிரமமின்றித் தரும். அதையே கவனிக்காமல் விட்டால், கடினமான செயற்கைப் பனியில் உலோக விளிம்பை ஒட்டிய பகுதி முதலில் வெளுத்து, விரலால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரியும். அந்த நிலையில் எக்ஸ்ட்ரூடட் பலகைக்கு மேலாக அது ஓடுவதில்லை. பரந்தன் வீட்டில் உள்ள என் சின்டர்ட் பலகைக்குக்கூட, மெழுகைத் தடிப்பாகப் பூசிச் சுரண்டாமல் விட்டு, தகரக் கூரைச் சூடு படாத உள்ளறையில் வைத்திருக்கிறேன்.

வித்தைகளுக்கென அமைத்த பனிப் பார்க்கில், றெயில்கள் எனும் கம்பித் தடங்களிலும் பெட்டிகளிலும் சறுக்குபவருக்குக் கீறல் தவிர்க்க முடியாதது. பி-டெக்ஸ் எனும், அடித்தளத்தைத் திருத்தும் பொலிஎதிலீன் குச்சியைக் கொளுத்திக் கீறலுக்குள் சொட்டவிட்டு, ஆறியபின் சுரண்டி மட்டமாக்கினால் எக்ஸ்ட்ரூடட் அடியில் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சுவாலையை அடித்தளத்துக்கு மிக அருகில், சிறிதாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரி கலந்து ஒட்டுக் கெட்டுவிடும். சின்டர்ட் அடியில் அதே குச்சி அவ்வளவு பிடிப்பதில்லை என்பதால், ஆழமான காயங்களைக் கடையில் கொடுத்தே திருத்தினேன். உள்ளே மரம் தெரியுமளவு வெட்டுப்பட்டால், எந்த வகையானாலும் ஈரம் புகுமுன் மூடிவிட வேண்டும்.

பலகைகளில் போடும் 4000, 7500 போன்ற இலக்கங்களை வைத்து வெவ்வேறு நிறுவனங்களின் பலகைகளை ஒப்பிட வேண்டாம். அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை.

மருமகனுக்கு எக்ஸ்ட்ரூடட் பலகையையே வாங்கச் சொன்னேன். அதற்கும் இடைக்கிடை மெழுகு வேண்டும்தான், ஆனால் தவறினாலும் பெரிதாகத் தண்டிக்காது. மிச்சப்படும் காசில் காலுக்கு இறுக்கமாகப் பொருந்தும் நல்ல சப்பாத்து வாங்கினால், பழகும் காலத்தில் அதன் பயன் எந்த அடித்தளத்தையும்விடக் கூடுதலாக இருக்கும்.