கேட்வே பிங் ஆகலைன்னா சுவிட்ச் போச்சுன்னு அர்த்தமில்லை

ஆபீஸ் நெட்வொர்க்கை ஏஎம்சி-யில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) விட்டிருக்கிற திருப்பூர் கம்பெனிக்காரர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நன்றாக ஓடிய நெட்வொர்க் சுவிட்சை (கம்ப்யூட்டர்களை இணைக்கிற பெட்டி) கழற்றி எடுத்துக்கொண்டு, புதுசு ஒன்றை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்களுடையது பனியன் கம்பெனி. ஆபீஸில் எல்லாவற்றுக்கும் நடுவான கோர் சுவிட்ச், அங்கிருந்து ஃபைபர் வழியாகக் கட்டிங் செக்‌ஷனில் இன்னொரு மேனேஜ்டு சுவிட்ச் (லாகின் செய்து செட்டிங் மாற்றக்கூடியது). கட்டிங்கில் கேமரா மாட்டியபோது ஏஎம்சி ஆள் வந்து அதற்குத் தனி வீலேன் (அதே சுவிட்சுகளுக்குள் பிரித்து வைக்கிற தனி நெட்வொர்க்) போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு கட்டிங் சுவிட்சுக்குள் ஆபீஸிலிருந்து நுழைய முடியவில்லை. கூப்பிட்டோம். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்: "பாருங்க சார், கேட்வேயே பிங் ஆகலைங்க. போர்டு போயிருச்சு." கேட்வே என்பது வேறு நெட்வொர்க்குக்குப் போகிற வாசல்; பிங் என்பது அது பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்ப்பது.

அதே சுவிட்சில் இருந்த கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது. கேமரா படமும் தெளிவாக வந்தது. "அதெல்லாம் ஓடுதேங்க?" என்று கேட்டேன். "இப்ப ஓடும் சார், எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது" என்றார். ஷிப்மென்ட் நேரம். முதலாளி பயந்துபோய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டார். பழைய சுவிட்ச் பைபேக் என்ற பெயரில் ஸ்கிராப் விலைக்குப் போனது.

புதுசு மாட்டியும் பிங் ஆகவில்லை. "ஃபயர்வாலையும் மாத்தணும் போலிருக்குங்க" என்று அடுத்த கொட்டேஷன் வந்தது. அப்போதுதான் தெரிந்த நெட்வொர்க் அண்ணன் ஒருவரை வரச் சொன்னேன்.

அவர் கட்டிங் சுவிட்சில் நேரடியாகக் கன்சோல் கேபிளைப் போட்டு முதலில் பார்த்தது 'ஷோ ஏஆர்பி', அதாவது எந்த ஐபி எந்த மேக் அட்ரஸில் (கருவியின் சொந்த முகவரி) இருக்கிறது என்ற பட்டியல். கேட்வே ஐபிக்கு நேரே மேக் அட்ரஸ் இல்லை, 'இன்கம்ப்ளீட்' என்று இருந்தது. "மேக் வந்து பிங் மட்டும் ஆகலைன்னா ஃபயர்வால் பிங்கைத் தடுக்குதான்னு பார்க்கலாம் தம்பி. மேக்கே வரலைன்னா வழியிலதான் எங்கயோ அடைச்சிருக்கு" என்றார். அடுத்து கோர் சுவிட்சில் 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்'. கட்டிங்குக்குப் போகும் ட்ரங்கில் (பல வீலேன்களை ஒன்றாகக் கொண்டுபோகிற இணைப்பு) 10, 30 என்ற வீலேன்கள் மட்டும்தான் இருந்தன. 10 ஆபீஸ், 30 கேமரா. சுவிட்சின் சொந்த ஐபி இருக்கிற மேனேஜ்மென்ட் வீலேன் 99-ஐக் காணோம். நான் எடுத்து வைத்திருந்த பழைய கான்ஃபிக் (செட்டிங்ஸ்) காப்பியில் 10, 99 என்று தெளிவாக இருந்தது.

சிஸ்கோ சுவிட்சில் 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலேன்' என்ற வரியை 'ஆட்' இல்லாமல் அடித்தால், பழைய பட்டியல் மொத்தமும் போய்ப் புதுசு உட்காரும். கேமரா வீலேன் போட்ட அன்று நடந்தது அதுதான். அண்ணன் 'ஆட் 99' என்று ஒரே வரி அடித்து மறுபடி பிங் கொடுத்தார். முதலில் ஒரு புள்ளி (பதில் இல்லை), அடுத்து வரிசையாக நாலு ஆச்சரியக்குறி (பதில் வந்தது). அந்த முதல் புள்ளி ஏஆர்பி பதில் வருவதற்குள் போன பாக்கெட், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்றார். பிறகு 'ரைட் மெமரி' கொடுத்து சேவ் செய்தார். அதை விட்டால் கரண்ட் போய் வந்ததும் பழைய கதைதான்.

லேயர் 2 சுவிட்சில் (நெட்வொர்க்குகளுக்கு நடுவே ரூட்டிங் செய்யாதது) போடுகிற டிஃபால்ட் கேட்வே, அந்த சுவிட்ச் தன் சொந்த வேலைக்கு வேறு நெட்வொர்க்குக்குப் போய்வர மட்டும்தான். கம்ப்யூட்டர்களின் டிராஃபிக் அதை நம்பி இல்லை. இதைத் தெரிந்துகொண்டே நல்ல சுவிட்சைச் செத்துப்போச்சு என்று சொல்லியிருந்தால் அது மோசடி. தெரியாமல் சொன்னார் என்றால், ஏஎம்சி பணம் எதற்கு வாங்குகிறார்கள்?

பழைய சுவிட்சைத் திருப்பிக் கேட்டேன். "அது வித்தாச்சு சார்" என்றார்கள். பணம் பற்றிப் பேசினால் போனை எடுப்பதில்லை.

உங்களிடமும் போர்டு போச்சு என்று யாராவது சொன்னால், ஏஆர்பி, ட்ரங்க் இரண்டையும் உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரூட்டிங்கும் செய்யக்கூடிய லேயர் 3 சுவிட்சாக இருந்து 'ஐபி ரூட்டிங்' ஆனில் இருந்தால், 'ஐபி டிஃபால்ட்-கேட்வே' வரியை அது கண்டுகொள்ளாது, டிஃபால்ட் ரூட் தனியாகப் போட வேண்டும். அதையும் கேளுங்கள். பாஸ்வேர்டும் கான்ஃபிக் காப்பியும் உங்கள் கையில் இருக்கட்டும். புதுசு மாட்டி அதே பிங் ஓடுகிறவரை பழைய சுவிட்சைக் கம்பெனி வாசலைத் தாண்ட விடாதீர்கள்.