கல்ஃப் காசு: கெயின்ஸ் கணக்கா, டச்சு நோயா, ஸ்டார்க் சொன்னதா?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் காசாக ஒரே ஆண்டில் 10,000 கோடி டாலருக்கு மேல் பெற்ற முதல் நாடு இந்தியா, அது 2022-ல். டெல்லிக்கு அது அந்நியச் செலாவணி, கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்களுக்கு அது மாடி வீடு. இந்தக் காசு ஊருக்கு என்ன செய்கிறது என்பதில் பொருளாதாரக்காரர்களுக்குள்ளேயே சண்டை.

ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கெயின்ஸின் வழிக்காரர்கள் சொல்வது எளிது: ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம். கைக்கு வந்த பத்து ரூபாயில் ஒவ்வொருவரும் எட்டு ரூபாயைச் செலவழித்தால், சுற்றிச் சுற்றி மொத்தம் ஐம்பதாகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு வீடு கட்டிப் பாருங்கள். டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து, கம்பியும் சிமெண்டும் வெளியூரிலிருந்து, மிச்சக் காசில் வாங்கும் தங்கம் வெளிநாட்டிலிருந்து. கையாள் வேலைக்கு வந்திருக்கும் வங்காளத்துப் பையனோ சம்பளம் வாங்கினதும் முக்கால்வாசியை ஊருக்கு அனுப்பிவிடுகிறான், அதாவது துபாயில் நம்ம ஆள் செய்வதையே அவன் மார்த்தாண்டத்தில் செய்கிறான். பெருக்கம் நடக்கிறது, மறுக்கவில்லை. பாதி மோர்பியில் நடக்கிறது.

அடுத்தது டச்சு நோய். நெதர்லாந்தில் 1959-ல் எரிவாயு கிடைத்து, அந்த வருமானத்தில் நாணய மதிப்பு ஏறி, மற்ற தொழில்கள் நொடிந்ததால் வந்த பெயர். வெளிநாட்டுச் சம்பளமும் அப்படித்தான் என்பது வாதம். மாவட்டத்துக்கென்று தனி நாணயம் கிடையாது, அதனால் இங்கே நோய் மண் விலையில் தெரிகிறது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்த நாஞ்சில் நாட்டில் வயல் பிளாட் ஆன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழியை முழுக்க கல்ஃப்காரர் தலையில் போடுவது நியாயமில்லை, நெல்லில் கட்டுப்படி ஆகாமல் வாழைக்கும் தென்னைக்கும் போனவர்கள் எத்தனை பேர்!

எனக்கு ஒட்டுவது மூன்றாவது கட்சி. 1985-ல் ஓடெட் ஸ்டார்க், டேவிட் ப்ளூம் என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் எழுதினார்கள்: வெளிநாடு போவது தனி ஆளின் ஆசை இல்லை, வீடே கூடி எடுக்கும் முடிவு, ஆபத்தைப் பங்கு போடும் ஏற்பாடு. அதே ஆண்டு ஸ்டார்க், லூக்காஸ் என்ற இன்னொருவரோடு சேர்ந்து ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவைப் பற்றி எழுதினார்: மாடு அதிகம் வைத்திருந்த குடும்பங்களுக்கு, வெளியே வேலைக்குப் போன ஆட்களிடமிருந்து வறட்சியில் கூடுதல் பணம் வந்திருந்தது. இங்கே மாட்டுக்குப் பதில் ரப்பர். 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட், 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே போனது. குலசேகரம், அருமனைப் பக்கம் அந்த நாட்களில் பால் வெட்டாமல் விட்ட தோட்டங்கள் உண்டு. அங்கெல்லாம் பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் போனதற்கு மஸ்கட்டில் இருந்த அண்ணனோ சித்தப்பாவோதான் காரணம். இதை மோர்பி கணக்கிலும் பார்க்க முடியாது, பிளாட் கணக்கிலும் பார்க்க முடியாது.

சரி, ஸ்டார்க் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது. ஊர் முழுக்க ஒரே திசையில் ஆள் அனுப்பினால் அது என்ன காப்பீடு? 1990-ல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது சுமார் 1.7 லட்சம் இந்தியரை விமானத்தில் கொண்டுவந்தார்கள். அனுப்பும் காசு நின்றது, அனுப்பின ஆளும் கையில் ஒரு பையோடு வந்து நின்றார். விசாவுக்கு அடகு வைத்த நகைக்கு மட்டும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.